தாராளம் டெய்லரின் பேண்ட்

அந்தத் தெருவில் பேண்ட் தைக்கும் டெய்லரின் சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று வாயில் வராது. தாராளம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காசில் தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் மனுஷன் படு கெட்டி. தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணியை மிச்சம் விட்டு மடிப்பார், அந்தத் தாராளம். "இன்னைக்கு இருக்கிற இடுப்பு நாளைக்கும் அப்படியேவா இருக்கும்? பிரிச்சு விட வேண்டாமா?" என்பார். மிச்சத்தை ஒட்ட வெட்டி எறிகிற டெய்லர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்து, பட்டன் கட்டி, வருகிறவர்களுக்குப் பதிலும் சொல்லி அவரைக் கட்டி மேய்ப்பவள் அவர் மனைவி. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது, எல்லாம் வாயுதான் என்று சாக்குச் சொன்னவரை அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுப் பையை எடுத்துவிட்டார்கள். கற்களைக் குப்பியில் போட்டு வாங்கி வந்து, கடைக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டார் தாராளம். பையைச் சோதனைக்கு அனுப்பியிருந்ததை இருவருமே மறந்துபோனார்கள்.

முடிவு வந்தது. பையின் சுவரில் புற்றுநோய்.

அறுவை செய்யும் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். "பை ஒட்டியிருந்த இடத்துல ஈரலைக் கொஞ்சம் எடுக்கணும். சுத்தி இருக்கிற நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துடுவோம். ஈரல் திரும்ப வளந்துடும். பரவியிருக்கான்னு எடுத்ததைச் சோதிச்சாதான் உறுதியாச் சொல்ல முடியும்."

"ஓரத்துல கொஞ்சம் மிச்சம் விடுவீங்களாம்மா?" என்றார் தாராளம், தொழில் புத்தியில்.

"உங்க தொழில்ல மிச்சம் விடணும். என் தொழில்ல விடவே கூடாது." டாக்டரம்மா சிரித்தார். தாராளமும் சிரித்துவைத்தார்.

ஆள் பாதியாக இளைத்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போக இருந்த நல்ல பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்தார். மறுநாள் கடையைப் பெருக்க வந்த மனைவி, மெஷினடியில் சாம்பல் நிறத் துணிக் கீற்றுகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது உங்க பேண்ட் துணிதானே?"

"ஆமா, உள்ளே விட்ட மிச்சம். இனிமே அது எதுக்கு? சும்மா உறுத்துது."

ஊரில் இருக்கிற இடுப்பெல்லாம் பெருக்கும் என்று நம்பிய மனுஷன், தன் இடுப்பை மட்டும் கைவிட்டுவிட்டார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. "வெட்டுறதுக்கு யாரைக் கேட்டீங்க?" என்று வறுத்தெடுத்துவிட்டு, கீற்றுகளைச் சுருட்டிப் பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள்.

அறுவை முடிந்து, அடுத்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா கட்டிலருகே வந்து சொன்னார். "எங்கேயும் பரவலை. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம். கொஞ்ச மாசம் மருந்து சாப்பிடணும், செக்கப்புக்குத் தவறாம வரணும்."

அவள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தாராளம் கட்டுப் பிரித்த வயிற்றை நிதானமாக ஆராய்ந்தார். "தையல் நேராத்தான் இருக்கு. ஆனா உள்ளே துணி விடலை போல" என்றார். அவரே சிரித்துவிட்டு, "அய்யோ, சிரிக்க வைக்காதே, இழுக்குது" என்று அவளைக் கோபித்துக்கொண்டார்.

மருந்து முடிந்ததும் திறந்துகொண்ட பசி, திறந்ததுதான். ஒரு செக்கப் நாளன்று அந்தச் சாம்பல் பேண்ட்டை மூச்சடக்கி மாட்டினார். பட்டன் தெறித்துக் கண்ணாடியில் போய் அடித்தது.

"பிரிச்சு விடுங்களேன்" என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. "உள்ளே துணி எங்கே இருக்கு, பிரிச்சு விட?" என்று முனகினார் அவர். அவளே பட்டன் டப்பாவைத் திறந்து கீற்றுகளை அவர் மடியில் போட்டாள். அவற்றைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்து, கீற்றுகளை ஒட்டுப் போட்டுத் தைத்தார். பேண்ட் அளவெடுத்துத் தைத்த மாதிரி இடுப்பில் நின்றது.

ஆனால் மனுஷன் அதைக் கழற்றி மறுபடி பிரிக்க ஆரம்பித்தார். "முதல்ல இதைத் தைச்சப்போ மீந்த சாம்பல் துணி கொஞ்சம் இருந்தா எடு."

"எதுக்கு? சரியாத்தானே இருக்கு?"

"இன்னைக்குச் சரியா இருக்கு. நாளைக்கு?"

அவள் எழுந்து போய்த் துணியை எடுத்து வந்தாள்.