பிலோமினா அக்கா சொன்ன நாடகம்

இந்த நாட்டில் கதையின் முடிவைச் சொல்வது குற்றம். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொன்றரைக்கே பகல் சாப்பாடு. மெழுகுத்தாளில் சுற்றிய பாண் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் நாள் பார்த்த தொடர்களைப் பற்றி எல்லோரும் அபிப்பிராயம் சொல்லத் தொடங்குவார்கள். இந்தத் தொடரில் நடிப்பு நல்லது, அந்த விவரணப்படத்தில் பென்குவின்களைப் பார்த்து அழுதேன் என்று பேச்சு நன்றாகத்தான் போகும். யாராவது "கடைசியில்" என்று வாயெடுத்தால் போதும், மற்ற நாலு பேரும் பாணைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்துவார்கள். எங்கள் ஊரிலோ படம் பார்த்துவிட்டு வருகிறவர் முடிவைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி கிடைக்காது. இந்தக் காதுபொத்தலுக்குப் பழக எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

போன கிழமை, கூட வேலை செய்கிற இங்கர் என்னைப் பார்த்து, "உன் நாட்டு யுத்தத்தைப் பற்றி ஒரு விவரணப்படம் போகிறது. மூன்று பாகம். இரண்டு பார்த்துவிட்டேன், படப்பிடிப்பு மிக அழகு" என்றாள். இங்கர் நல்லவள். எனக்கு முதன்முதல் கம்பளிக் காலுறை பின்னித் தந்தவள். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். உடனே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லாதே, மூன்றாம் பாகம் வியாழக்கிழமை!" என்று கத்தினாள்.

"முடிவு எனக்கும் தெரியாது. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது" என்றேன்.

"அப்படியானால் இன்னொரு சீசனும் வருமா?" என்று அவள் முகம் மலர்ந்து கேட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவளை ஏச எனக்கு யோக்கியதை இல்லை. அதே யுத்தத்தை எட்டு மாதம் ஒரு நாடகமாகப் பார்த்து, அது யுத்தம் என்றே தெரியாமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள் நான்.

அது கொழும்பில், வெள்ளவத்தையில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வேயில் இருந்த என் கணவர், இவர், என்னைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்த காலம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் பிலோமினா அக்காவின் வீடு. அறைக்கு இரண்டு பேராக எட்டுப் பெண்கள். எல்லோருமே யாரோ ஒருவரின் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள். காலையில் கடல் பார்ப்போம், மத்தியானம் ரயில் பார்ப்போம், தபால்காரர் வருகிற நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம். அதை விட்டால் செவ்வாய்க்கிழமை மாலைகளில் வருகிற சிங்கள நாடகம்.

எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது. அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். மாதா கோயிலில் தமிழில் செபம் சொல்லி, மீன்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்து வளர்ந்த மனுசி. டீவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லுவார். கதை இதுதான். கலியாணம் முடித்து மூன்று மாதத்தில் புருசன் ஜேர்மனிக்குப் போய்விடுகிறான். பெண்சாதி மாமியோடு இருந்து கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். புருசன் திரையில் வருவதேயில்லை, சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் மட்டும் இருக்கிறான்.

"என்னக்கா, யூனிபோமோட நிக்கிறான்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ஜேர்மனில செக்யூரிட்டி வேலை, பிள்ளை. அங்க செக்யூரிட்டிக்கு அப்பிடித்தான் உடுப்பு" என்றார் அக்கா, கண் கூட இமைக்காமல்.

நாங்கள் நம்பினோம். நம்பியது மட்டுமல்ல, அபிப்பிராயமும் சொன்னோம். ஸ்பொன்சர் அலுவலில் அவன் அசட்டை என்றாள் ஒருத்தி. அங்கே வேறு ஒருத்தியை வைத்திருக்கிறான், எழுதித் தாறன் என்றாள் இன்னொருத்தி. ஒரு செவ்வாய்க்கிழமை நாடகத்தில் தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். அந்தப் பெட்டை அதைப் பிரித்துப் படித்துவிட்டு நிலத்தில் விழுந்து அழுதாள். "விசா சரியாம்! வரச்சொல்லிப் போட்டான்! சந்தோசத்தில அழுறாள்!" என்றார் அக்கா. எட்டுப் பேரும் சேர்ந்து அழுதோம். எனக்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தூதரகத்தில் நேர்முகம். நல்ல சகுனம் என்று எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். அதைத் தவறவிட்டால் திரும்பவும் ஒரு வருடம் காத்திருக்கவேண்டும்.

விடிய ஐந்தரைக்குப் பொலிசுக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். எட்டுப் பேரையும் பஸ்ஸில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். எங்களைப் பொலிசில் பதிந்த துண்டுகளோடு அக்கா பின்னாலேயே ஆட்டோவில் வந்தும், வாசலோடு மறித்துவிட்டார்கள். உள்ளே வயதான ஒரு சார்ஜன்ட். எங்கள் பேச்சை மொழிபெயர்க்க ரயீஸ் என்று ஒரு முஸ்லிம் கொன்ஸ்டபிள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நேற்று மாலை எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் நாடகம் பார்த்தேன் என்றாள். நான் எட்டாவது ஆள். ஏழு பேர் ஒரே பதிலைச் சொன்னால் எந்தப் பொலிசுக்காரனுக்குத்தான் சந்தேகம் வராது? சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"நாடகம் பாத்தது உண்மையெண்டா, நேத்து அந்தக் கடிதத்துல என்ன ஈந்திச்சி எண்டு செல்லட்டாம்" என்றார் ரயீஸ். "சாருக்கு ராவு டியூட்டி. பாக்கக் கெடைக்கல்ல."

மணி எட்டு. என் முன்னால் தூதரகக் கடிதம் கிடந்தது. கண்ணீரும் சளியுமாகச் சொன்னேன். "அவன் சுகமா இருக்கிறானாம். ஜேர்மனியில எல்லா அலுவலும் சரியாம். அவளை வரச்சொல்லி எழுதியிருக்கிறான்."

ரயீஸ் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் நாலைந்து சொல்லில் எதையோ முடித்தார். சார்ஜன்ட் எழும்பிவிட்டார். அந்தப் பெரிய முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த அறைக்குக் கேட்கும்படி எதையோ கூவினார். என் கடிதத்தைப் பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து, எட்டுப் பேரின் துண்டுகளிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். "ஹொந்தய், ஹொந்தய், யன்ன!" என்றார். நல்லது, போ என்றால் எனக்கும் விளங்கும்.

வாசலில் ரயீஸ் என் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ஜேர்மனிய நான் செல்லல்ல. அவன் சுகமாம், கடிதம் போட்டிருக்காண்டு மட்டும் சென்னேன். அந்த நாடகத்துல அவன் ஆமிக்காரன். வடக்குல சண்டைல ஈக்குறான். சார்ட மகனும் அங்கதான்."

தூதரகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது எனக்குள் ஒரே கேள்வி. எட்டு மாதமாக நான் யாருக்காக அழுதிருக்கிறேன்? என் ஊருக்குச் செல்குண்டு அடிக்கிறவனின் பெண்சாதிக்காகவா? வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, அவளை நினைக்க இன்னும் பாவமாகவும் இருந்தது. அதுதான் பெரிய ஆத்திரம். நேர்முகத்தில் அந்த வெள்ளைக்காரப் பெண், "கணவரோடு ஏன் சேர்ந்து வாழ விரும்புகிறீர்கள்?" என்று கேட்டாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் எல்லாம் பறந்துவிட்டது. ஓவென்று அழுதேன். அவள் தண்ணீர் தந்தாள், காகிதத்தில் ஏதோ குறித்தாள். என் அன்பின் ஆழத்தைப் பார்த்துத்தான் விசா தந்தார்கள் என்று இவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பாய்ந்தேன். அவர் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"உண்மையச் சொல்லியிருந்தா அந்தப் பெட்டைக்காக உங்களில ஆர் அழுதிருப்பீங்க?" என்று கேட்டார். "அவளும் காத்துக்கொண்டுதானே இருந்தவள், உங்களைப் போல."

"அப்ப அந்தக் கடிதத்தில என்ன இருந்தது?"

"ஆளைக் காணேல்லையாம்" என்றார் அக்கா.

அடுத்த செவ்வாய்க்கிழமை. நாடகம் தொடங்கக் கால்மணி நேரம் இருக்கக் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் சார்ஜன்ட், சாதாரண உடுப்பில். பின்னால் ரயீஸ், மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. விசா இன்னும் கைக்கு வரவில்லை. இந்த மனுசன் நினைத்தால் நான் நோர்வேயை வரைபடத்தில்தான் பார்க்கவேண்டும். அவர் நேரே என்னிடம் வந்து ஏதோ கேட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் பொய் சென்னதாம்" என்றார் ரயீஸ். "சார் அண்டைக்கே ஊட்டுக்குப் போன் பண்ணி, நாடகத்துப் பொடியன் உயிரோட ஈக்குறானாம் எண்டு மனிசிக்குச் சென்னாராம். மனிசி நாடகம் பாத்தவ. உங்களுக்குப் பைத்தியமாண்டு அழுதாவாம். மகன்ட கடிதமும் ஒண்டரை மாசமா இல்ல."

பிலோமினா அக்காதான் முன்னால் வந்து, பிள்ளையில் பிழையில்லை, கதை சொன்னது நான் என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டார். சார்ஜன்ட் டீவியை நிற்பாட்டச் சொன்னார். அக்காவின் கதிரைக்கு முன்னால், நாங்கள் உட்காருகிற பாயில், சப்பணம் கட்டி உட்கார்ந்தார். இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையை எனக்கும் சொல் என்றாராம்.

அக்கா சொன்னார். இந்தத் தடவை சிங்களத்தில். எட்டு மாதத்தில் முதல் தடவையாக எங்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லை. ஆனால் ஜேர்மனி என்ற சொல் வரும்போதெல்லாம் சார்ஜன்ட் தலையாட்டினார். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரயீஸ் எங்கள் பக்கம் திரும்பி, "அங்க குளிராண்டு கேக்குறார்" என்றார். குளிர்தான், ஆனால் செக்யூரிட்டிக்காரருக்கு மொத்தமான ஜாக்கெட் கொடுப்பார்கள் என்று அக்கா சொன்னார். சார்ஜன்ட் எழும்பி, எங்கள் ஒருவரையும் பார்க்காமல் போய்விட்டார்.

மூன்று கிழமையில் எனக்கு விசா வந்தது. நாடகத்தின் முடிவைப் பார்க்காமலே விமானம் ஏறினேன். இங்கே வந்து அக்காவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, சார்ஜன்டின் மகன் வந்துவிட்டானா என்று கேட்டேன். பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. ஒழுங்கையில் யார் யார் போய்விட்டார்கள், யார் இன்னும் காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதி, அடியில் ஒரு வரி: "சார்ஜன்ட் மாத்தையாவின் மகன் ஜேர்மனியில் சுகமாக இருக்கிறான்." அதை எட்டுத் தடவை வாசித்தேன். மேலே எதுவும் கேட்டு எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த நாட்டு டீவியில் நான் ஒருநாளும் தவறவிடாதது வானிலை அறிக்கை. யாழ்ப்பாணமும் கொழும்பும் இவர்களுடைய வரைபடத்தில் இல்லை. அதனால் பேர்கனில் மழையா என்று பார்த்தபிறகு, என் கண் கீழே இறங்கி ஜேர்மனிக்குப் போய் நிற்கும். நேற்று அங்கே சுழியத்துக்குக் கீழே எட்டு. கடவுளே, இந்தக் குளிரில் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அங்க ஆர் இருக்கினம் எங்களுக்கு?" என்று இவர் கேட்டார்.

"தெரிஞ்ச ஒரு பெடியன்" என்றேன்.