மொய்தீன் பாயின் பக்கத்து சீட்டு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் எங்கள் கடை இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரர் கோபியும் கார், வேன், ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் சீட் கவர் தைக்கிறோம். பக்கத்தில் பாண்டுரங்கனின் வெல்டிங் பட்டறை. வண்டிக்கு அழகு பண்ண வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். பெரும்பாலும் இளவட்டங்கள்தான். முன்னால் ஒரு வரிசை விளக்கு, பின் கண்ணாடியில் மாமன் மச்சான் பெயரெல்லாம், உள்ளே நீல வெளிச்சம். அத்தனையும் செய்துகொண்டு ஓட்டுவது என்னவோ மயிலம் வரைக்கும்தான். தைத்துக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

மொய்தீன் பிச்சை பாய் வந்தபோது அவரையும் அந்தக் கும்பலோடுதான் சேர்த்தேன். கோட்டக்குப்பத்துக்காரர். ஓமனில் எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுசுக்கு டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். தாடி முழுக்க வெளுத்துவிட்டது, முதுகு மட்டும் வளையவில்லை. பழைய ஃபோர் வீல் டிரைவ் பொலேரோ ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். அதைச் சரிபண்ணிக்கொண்டு ராஜஸ்தானத்துக்குப் போகப் போகிறாராம். ஜெய்சல்மேரையும் தாண்டி, பாலைவனத்துக்குள்.

"அங்க என்னா பாய் இருக்குது? தர்காவா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. மணலு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையின் முகம்.

ஒரு சாமான் வாங்குவதற்குள் பாய் எங்களை ஒரு வழி பண்ணிவிடுவார். பாண்டுரங்கன் ஒரு யோசனை சொல்வார். பாய் நன்றாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த வாரம் வந்து வேண்டாம் என்பார். முன்னால் வின்ச்சு போடலாம் என்று பாண்டுரங்கன் ஒற்றைக்காலில் நின்றார். வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால் அதிலிருக்கும் இரும்புக் கயிற்றை இழுத்து ஒரு மரத்தில் கட்டி மோட்டாரைப் போட்டால் போதும், வண்டி தானாக வெளியே வந்துவிடும்.

"எந்த மரத்துல கட்டச் சொல்றே பாண்டு? கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு முள்ளுச் செடிகூட இருக்காது," என்றார் பாய்.

"அப்ப மாட்டிக்கினா?"

"மாட்டிக்கினா மண்வெட்டி எடுத்து வாரணும். வேற என்னா?"

வின்ச்சு போய், சக்கரத்துக்கு அடியில் போட்டு ஏறி வர இரண்டு கெட்டிப் பலகைகளும் ஒரு மண்வெட்டியும் வந்தன. மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும் என்று காற்றடிக்கும் மெஷின் ஒன்று வந்தது. தூசி உள்ளே போகாமலிருக்க என்ஜின் மூச்சு இழுக்கும் குழாயைக் கூரை வரைக்கும் தூக்கி மாட்டினார்கள். சாலையில் போகிறவர்கள் எல்லாம், "என்னா பாய், வண்டிக்குத் தும்பிக்கை மொளைச்சிக்கினு வருது?" என்று கேலி பேசினார்கள். பாயும் சேர்ந்து சிரித்தார். வரிசை விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். இருட்டிய பிறகு மணலில் ஓட்டுகிறவன் முட்டாளாம்.

அவர் கையில் ஒரு படிக்கல் இருந்தது. எதைக் காட்டினாலும் அதில்தான் நிறுத்துப் பார்ப்பார். "இது இல்லன்னா நான் சாவேனா, கஷ்டப்படுவேனா? கஷ்டந்தான் படுவேன்னா வாணாம். பட்டுக்கலாம்."

டீ குடிக்கிற நேரத்தில் ஓமனைப் பற்றிப் பேசுவார். பாலைவனத்துக்கு நடுவில் எண்ணெய் தேடும் ஆட்கள் கூடாரம் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு அரிசி, மாவு, மருந்து, உதிரி பாகம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இவர் வேலை. நாள்கணக்கில் தனியாகவே ஓட்டுவார். காலையில் சிவப்பாக இருக்கும் மணல் உச்சி வெயிலில் வெளுத்துப் போய்விடும், பொழுது சாயும்போது வறுத்த மல்லாட்டைக் கடலையின் தோல் நிறத்துக்கு வந்துவிடும் என்பார். சத்தம் என்பதே கிடையாதாம். அந்த நேரம் பார்த்து மரக்காணத்து உப்பு லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனால் கண்ணை மூடிக்கொள்வார். அந்த வயசில் ஒரு மனிதர் ஒன்றுமில்லாத இடத்துக்காக இப்படி ஏங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் இருந்த கால்படியை முதலில் கழற்றச் சொன்னார். மேடு பள்ளத்தில் அது இடிக்குமாம். பிறகு பெரிய டயர் போட்டார். பிறகு பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டி, முன்னால் ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியையே தூக்கினார். பின் சீட்டுகள் இருந்த இடத்தில் டீசல் கேன், சாமான் பெட்டி, ஒரு ஆள் படுக்கப் பலகை. கடைசியில் தண்ணீர் பாக்கி. அத்தனை கனத்தைக் கூரைமேல் ஏற்றினால் வண்டி சாயும், பின்னால் இடமில்லை. ஒரு நாள் காலையில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"கவிதாம்மா, இத்த யாருக்காவது குடுத்துடு. அந்த எடத்துல தண்ணி டாங்கு வெக்கணும்."

"நல்ல சீட்டாச்சே பாய்," என்றார் கோபி.

"சீட்டு இல்லன்னா சாவ மாட்டேன் கோபி. தண்ணி இல்லன்னா சாவேன்."

அவர் படிக்கல்லுக்கு அது சரிதான். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டைக் கடை வாசலில் போட்டேன். வருகிறவர்கள் உட்கார வசதியாக இருந்தது.

அவருடைய மனைவி அசன் பீவியை நான் முதன்முதலில் பார்த்தது அதற்குப் பிறகுதான். வண்டி பாண்டுரங்கன் பட்டறையில் நின்றது. பாய் ஏதோ சாமான் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தார். ஜன்னல் திரைக்குத் துணி வீட்டிலிருந்து வரும் என்று சொல்லியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு இந்த அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். குள்ளமான உருவம், வெள்ளைத் துப்பட்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடை. வந்ததும் வாசலில் கிடந்த சீட்டில் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

"ஏன் பாயம்மா பஸ்ஸுல அலையறீங்க? பாய் வண்டி எடுக்கச்சொல்லோ கூட வந்திருக்கலாமே," என்றேன்.

"அதுல எங்கம்மா நான் ஏறது? படியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பரணை மேல ஏறற மாதிரி இருக்குது. புதுச்சேரில பொண்ணு வூட்டுக்குக்கூட நான் பஸ்ஸுலதான் போய்க்கினு இருக்கேன்." சீட்டைக் கையால் தடவினார். "இது சொகமா இருக்குதும்மா. எந்த வண்டிது?"

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. "உங்க வண்டிதுதான் பாயம்மா," என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு அது தெரியாது என்பது அவர் கை நின்றுபோனதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பட்டறையில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த எடத்துல?"

"தண்ணி டாங்கு."

சீட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "அவங்க வெளிநாட்டு சபர்ல இருந்தப்ப போன் பண்ணுவாங்க. அங்க என்னாங்க இருக்குதுன்னு கேப்பேன். ஒண்ணும் இல்ல, மணலுன்னுவாங்க. அந்த ஒண்ணும் இல்லாத எடந்தான் என் வயச பூரா வாங்கிக்கிச்சு. இப்ப வந்து சேந்துட்டாங்கன்னு பாத்தா, வூட்டுல உக்காந்திருக்கச்சொல்லோகூட அங்கதான் இருக்காங்க. பேச்சே இல்ல. சக்களத்தின்னு ஒருத்தி இருந்தா முடிய புடிச்சு சண்டையாவது போடலாம். மணலை என்னா பண்றது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னை கூப்ட்டிருந்தா நான் போயிருக்க மாட்டேம்மா. இந்த முட்டிய வெச்சிக்கினு மணல்ல எங்க போறது? ஆனா வர்றியா அசன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் வரலீங்கன்னு சொல்லியிருப்பேன்."

துணியைக் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். பஸ் வரும் வரைக்கும் எதிர்ச் சாரியில் வேப்பமரத்தடியில் நின்றார். பட்டறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

எனக்குப் பாய் மேல் கோபமாக வந்தது. முதலில் படியை எடுத்தார், பிறகு வண்டியைத் தூக்கினார், பிறகு சீட்டையே பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் சேர்ந்து அந்த அம்மாவைக் கீழே நிற்க வைத்துவிட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மனிதரை என்னவென்று சொல்வது? அன்று சாயங்காலமே ஒருவர் சீட்டைக் கேட்டு வந்தார். விற்கிறதுக்கில்லை என்று துரத்தினேன்.

"அது புருஷன் பொண்டாட்டி சமாசாரம். நீ வாய வெச்சிக்கினு சும்மா இரு," என்றார் கோபி. சும்மா இருக்கிற வாயா இது?

பாய் திரையை வாங்க வந்தார். அவருக்கு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்கக் கூடாது. பக்கத்துல பாயம்மா உக்கார எடம் இல்லன்னா, நீங்க சாவீங்களா, கஷ்டப்படுவீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வாசலில் கிடந்த அந்த சீட்டிலேயே உட்கார்ந்தார். டீ ஆடை கட்டும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓமன்லயும் அந்தப் பக்கம் சீட்டு இல்லம்மா," என்றார். "கம்பெனிக்காரன் கழட்டிட்டு ஒரு தண்ணி டிரம்மு வெச்சிருந்தான். ஆடாம இருக்கறதுக்கு அதுக்கு பெல்ட்டு போட்டு உட்டுடுவேன். ஆளு மாதிரியே உக்காந்துக்கினு வரும். பேச யாரு இருக்கா அங்க? மொதல்ல வெளையாட்டாதான் ஆரம்பிச்சேன். அசன், அசன்னு அதுகிட்ட பேசிக்கினே ஓட்டுவேன். காலையில வண்டி எடுக்கச்சொல்லோ, 'அசன், இன்னைக்கு காத்து ஜாஸ்தி, கண்ணாடிய ஏத்திக்கோ'ம்பேன். பொண்ணு பொறந்த சேதிய அதுகிட்டதான் மொதல்ல சொன்னேன். எங்கம்மா மவுத்தானப்ப அதும் மேல சாஞ்சிக்கினுதான் அழுதேன்."

கோபியின் தையல் மெஷின் நின்றுவிட்டது.

"ஊருக்கு வந்துட்டேன். அசன் எதிர்ல உக்காந்து சோறு போடறா. எனக்கு ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. என்னாத்த பேசறது, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? வெக்கமா இருக்குதும்மா. அவ மொகத்த பாத்தா நாக்கு ஒட்டிக்குது. ஒரு தடவ மணலுக்குப் போயிட்டா, டாங்கை பக்கத்துல வெச்சிக்கினா, பழையபடி அவகிட்ட பேசிக்கினு இருக்கலாம்னு..."

முடிக்காமல் நிறுத்திவிட்டார். திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. அந்த அம்மா மணலைச் சக்களத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மனிதரோ, அந்த அம்மாவிடம் பேசுவதற்காகவே ராஜஸ்தானம் வரைக்கும் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவோ வீட்டுக்குள்தான் இருக்கிறார், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்கிற புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிற நான் எவ்வளவு கொடுத்து வைத்தவள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அழுதால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "இத்தையெல்லாம் எங்கிட்ட சொல்றீங்களே பாய், பாயம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது? சிரிக்க மாட்டாளா?"

"சொல்ல வாணாம். வர்றியான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அது போதும்."

பாய் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். "அந்த சீட்டு இருக்குதா, யாருக்காவது குடுத்துட்டியா?"

"அதும் மேலதான் உக்காந்துக்கினு இருக்கீங்க."

தண்ணீர் டாங்கு வெளியே வந்தது. அதில் பாதி அளவுக்கு ஒரு கேன் படுக்கைப் பலகைக்கு அடியில் போனது. கிணறு இருக்கிற ஊர்களை ஒட்டியே போய்க்கொள்கிறேன் என்றார் பாய். இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு கால்படி, தாழ்வாக, அகலமாக வேண்டும் என்று கேட்டபோது பாண்டுரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மணல்ல இடிக்கும்னு நீங்கதானே பாய் எடுக்கச் சொன்னீங்க?"

"இடிச்சா இடிக்கட்டும்."

சீட்டை நான் பிரித்து முதலிலிருந்து தைத்தேன். அந்த அம்மா குள்ளம், சாதாரண உயரத்தில் உட்கார்ந்தால் சாலை தெரியாது. அதனால் அடியில் இன்னொரு பஞ்சுக் கட்டை வைத்து உயர்த்தினேன்.

வண்டியை எடுத்துப் போகிற நாளில் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாய் முன்னால், அவர் மனைவி கொஞ்சம் பின்னால். பாய் என்ன சொல்லி அழைத்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. பட்டறை வாசலில் நின்ற வண்டியின் இடது கதவைப் பாய் திறந்தார். அசன் பீவி படியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பாண்டுரங்கனிடம் ஏதோ கேட்பது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"வர்றியா அசன்?" என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

 அசன் பீவி துப்பட்டியின் நுனியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வூடு வரைக்கும் வர்றேன். அதுக்கு மேல முட்டி கேக்காது," என்றார்.

கதவைப் பிடித்து, படியில் ஒரு கால் வைத்து, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போடத் தெரியாமல் தடுமாறினார். பாய் அந்தப் பக்கம் போய் ஏறி, சாய்ந்து, அதை இழுத்து மாட்டிவிட்டார். அந்தக் கைக்கு அது பழக்கமான வேலை. பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே சாலையைப் பார்த்தார். பக்கத்தில் திரும்பவே இல்லை.

"அசன்," என்றார்.  தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "அசன், இன்னைக்கு காத்து ஜாஸ்தி. கண்ணாடிய ஏத்திக்கோ."

நல்ல சித்திரை மாசம். எதிர்ச் சாரி வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. அசன் பீவி அந்த மரத்தைப் பார்த்தார், பிறகு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.  கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.