பெருவிரல் சம்மதம்

பாண்டிச்செல்விக்கு ஊர் பள்ளங்கி. வேலை, கொடைக்கானலில் ஒரு சின்ன மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்கு மலையூர்களில் ஆள் சேர்ப்பது. திருப்பூருக்குப் பிழைக்கப் போன புருஷன் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. எட்டாவது படிக்கும் மகள் பிரியாவுக்கு அப்பனும் ஆத்தாளும் இவள்தான். உட்கார்ந்து அழக்கூட நேரமில்லாத பிழைப்பு.

அந்தப் பிழைப்புக்கும் இப்போது கம்பெனி வேட்டு வைத்தது. மாதச் சந்தாவை இனிக் கையில் வாங்கக்கூடாதாம், வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனியே எடுத்துக்கொள்ளுமாம். அதற்கு வாடிக்கையாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். ஐம்பது படிவம் வந்தால் வேலை நிற்கும், ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம். இப்படிச் சட்டம் போடுகிற மகராசன்கள் ஒரு நாள் கூக்கால் ஏற்றத்தில் நடந்து பார்க்கவேண்டும்.

நாற்பத்தொன்பது தேறிவிட்டது. ஐம்பதாவது, கூக்கால் இருளாயியுடையது, வங்கியிலிருந்து திரும்பி வந்தது.

"அந்தம்மா அக்கவுண்ட்ல கைநாட்டு இருக்கு. ஃபார்ம்ல சைன் போட்டிருக்காங்க. மேட்ச் ஆகலைங்க," என்றார் கம்பெனி மேனேஜர் மனோஜ்குமார். வங்கியில் அதை மாற்றப் பத்து நாள் ஆகும். அவர் வைத்த கெடுவோ மறுநாள் காலை பத்து மணி.

இருளாயி சூடு கண்ட பூனை. வாரிசுச் சான்றிதழுக்கு என்று சொல்லிக் கொழுந்தன் வாங்கிய கைநாட்டில் அவளுடைய கீழ்க்காட்டு நிலம் கைமாறிப் போனது. அந்த ஆத்திரத்தில்தான் ஐம்பது வயதில் எழுத்துக்கூட்டப் பழகி, தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். அவளிடம் போய்ப் பெருவிரலைக் கேட்பதா?

கேட்டாள். பூண்டு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த இருளாயி நிமிர்ந்தாள்.

"செத்த பெறகு வேணும்னா வெரலப் புடிச்சு வச்சுக்க. உசுரோட வைக்கமாட்டேன்."

"நாளைக்குள்ள குடுக்கலைன்னா வேல போயிருங்கக்கா. எம்மக படிப்பு நின்னுபோகும். எனக்கு வேற போக்கிடமே இல்லக்கா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாண்டிச்செல்விக்கு உடைந்துவிட்டது. வரப்பிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். கேட்பது பாவம் என்று தெரிந்தும் கேட்டாள். கீழே கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

இருளாயி படிவத்தை வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

"அன்னிக்கிப் பேரெழுதுற சந்தோஷத்துல பாக்கல. இதுல ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லையே. இன்னொருக்கா வாசி."

பாண்டிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தின் மேல் விரலை ஓட்டினாள். "மாசாமாசம் சந்தாவ மட்டும் எடுத்துக்குவாங்க. வேற எதையும் தொடமாட்டாங்க. வேணாம்னா எப்பவும் நிறுத்திக்கலாம்."

"எங்கொழுந்தனும் இப்பிடித்தான் வாசிச்சாரு."

மறுபடியும் ஹாரன். இருளாயி விரலைப் புடவையில் துடைத்தாள்.

"நீயும் புள்ளைக்காரி. மையை எடு. வெரசா."

அவளே தோய்த்தாள், அவளே அழுத்தினாள். பிறகு ஈரமண்ணை அள்ளி விரலைத் தேய் தேய் என்று தேய்த்தாள். பாண்டிச்செல்வி நாலடி நடந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"செல்வி, அதுல இருக்கதத்தான வாசிச்ச?"

"ஆமாக்கா."

ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வேலை தப்பித்தது. ஆனால் அந்தப் பொடியெழுத்து இங்கிலீஷில் ஒரு வரிகூட அவளுக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. மனோஜ்குமார் சொல்லிக்கொடுத்ததைத்தான் ஐம்பது வீட்டிலும் வாசித்திருந்தாள்.