அளவாக வந்த கம்பளிச் சட்டை

எங்கள் ஊரில் கம்பளி உடுத்துகிறவர்கள் பிறந்த குழந்தைகள் மட்டும்தான். வெளியே தார் உருகும் வெயில் அடித்தாலும், பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதலில் ஒரு கம்பளித் தொப்பி வந்துவிடும். அந்தத் தொப்பிகளில் பலவற்றை அம்மா பின்னியிருக்கிறாள். அம்மா போகும் உப்பளத்தில் மழை மாதங்களில் வேலை இருக்காது. அப்போது பெண்களுக்கென்று மாதா கோயில் தையல் கூடத்தில் ஒரு சிஸ்டர் பின்னல் சொல்லிக்கொடுத்தார். பழகப் போன பத்துப் பேரில் அம்மா மட்டுமே விடாமல் பின்னினாள். ஆஸ்பத்திரி வாசலில் கடை வைத்திருந்த அண்ணாச்சி தொப்பிகளை வாங்கிக்கொள்வார்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், அந்தக் கடையில் விசாரித்துக்கொண்டு ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். துறைமுகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். தை பிறந்ததும் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போகிறாராம். முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும் என்றார். ஒரு பை நிறையச் சாம்பல் நிற நூலும், கம்ப்யூட்டரில் அச்செடுத்த இரண்டு தாள்களும் கொண்டுவந்திருந்தார். தாளில் எல்லாம் ஆங்கிலம். பல அளவுகள் அடுத்தடுத்து இருந்தன. தனக்கு வேண்டிய எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். எந்த எழுத்து வந்தால் நேர்ப்பின்னல், எது வந்தால் புரட்டுப் பின்னல் என்று எனக்குத்தான் விளக்கினார், அம்மாவுக்கு அல்ல. எனக்கு அது பெருமையாக இருந்தது.

போகும்போது ஒன்று சொன்னார். "பெங்களூர்ல என் தங்கச்சி கையால பின்னின உடுப்பெல்லாம் விக்கிறா. இது நல்லா வந்துச்சுன்னா, வருஷம் முழுக்க உங்களுக்கு வேலை கொடுப்பா."

"வருசம் பூராவுமாம்மா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

அவர் போனபின் அம்மா தன் பாதங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். உப்புக் கல் கிழித்த வெடிப்புகள் மழைக்காலத்திலும் முழுசாக ஆறுவதில்லை. "இது மட்டும் சரியா அமைஞ்சிட்டுன்னா, இந்தத் தை மாசம் நான் அளத்துக்குப் போவ மாட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

துறைமுகத்தில் லோடு ஏற்றிவிட்டு வந்த அப்பா நூலைத் தொட்டுப் பார்த்தார். "ஏளா, இந்த ஊரு வேக்காட்டுல இதைத் தொட்டதுக்கே எனக்கு வேர்க்கு. பின்னி முடிக்கதுக்குள்ள நீ அவிஞ்சிருவ."

"அவிஞ்சாலும் நெழல்லல்லா அவியுதேன். நீங்க கையக் கழுவிட்டுத் தொடுங்க" என்றாள் அம்மா.

நூலில் பிசுக்கு ஏறிவிடக் கூடாதென்று, விரல் வெடிப்புக்கு வழக்கமாகப் போடும் தேங்காய் எண்ணெயை அன்றோடு நிறுத்தினாள். அரிசி கழுவிய தண்ணீரில் கையை ஊறவைத்துத் துடைத்துவிட்டு ஊசியை எடுப்பாள். அப்படியும் விரலின் பிசிறில் நூல் மாட்டும். மாட்டினால் உஸ் என்று ஒரு சத்தம்.

ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண். ஒரு கண் நேர், ஒரு கண் புரட்டு. அடுத்த வரியில் நேருக்கு மேலே புரட்டு, புரட்டுக்கு மேலே நேர். பின்னப் பின்னத் துணி முழுக்கச் சின்னச் சின்ன மணிகளாக எழும்பி வந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "கல்லுப்பப் பரத்துன மாதிரி இருக்கு பாரு. வீட்டுக்கு வந்தும் நமக்கு உப்புதான்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் நிலைத்து உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். தெருவில் ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும், மாத்திரை அட்டையானாலும் கேஸ் சிலிண்டர் புத்தகமானாலும், என்னிடம்தான் வரும். அதில் எனக்கிருந்த மிதப்பைச் சொல்லி முடியாது. புரியாத சொல் வந்தால்கூடப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு எதையாவது சொல்வேனே தவிர, தெரியாது என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் அளவான உடுப்பு கிடையாது. அம்மா அளத்துக்குப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வாள். எனக்கு யூனிஃபார்ம் தைக்கும்போது தையற்காரரிடம், "வளருத பிள்ளை, மூணு வருசத்துக்குக் காணும்படியா தைங்க அண்ணாச்சி" என்பாள். கீழே ஒரு சாண் மடித்துத் தைத்து, வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரிப்பார்கள். தோள் தையல் முழங்கைப் பக்கம் தொங்கும். வகுப்பில் என்னைச் சாக்கு மூட்டை என்பார்கள். பெரிய உடுப்பென்றால் இல்லாதவர்கள் போடுவது என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தாளின் மூலையில் ஒரு படம் இருந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அந்தச் சட்டைக்குள் தொலைந்துபோனவள்போல நின்றாள். கை விரல்நுனி வரை மூடியிருந்தது. எனக்கு என்னையே பார்த்ததுபோல் இருந்தது.

முதுகுப் பக்கத்துக்கு எத்தனை கண் ஏற்ற வேண்டும் என்று அம்மா கேட்டாள். வட்டமிட்ட எண்ணை வாசித்தேன். நூற்று இருபத்தொன்று. ஏற்றினாள். இரண்டு நாளில் நாலு விரல் உயரம் வந்ததும் தரையில் விரித்துப் பார்த்தாள்.

"ஏளா, இதுக்குள்ள ரெண்டு ஆளு நுழையலாம் போலிருக்கே. அந்த அம்மாவே ஒல்லிக்குச்சி. சரியாத்தான் வாசிச்சியா?"

சரியாகத்தான் வாசித்திருந்தேன். ஆனால் அந்த அம்மாள் இதைப் போட்டுக்கொண்டு நிற்பதையும், நாலு பேர் அவரைச் சாக்கு மூட்டை என்பதையும் நினைத்துப் பார்த்தேன். அளவாகப் பின்னிக் கொடுத்தால் அசந்துபோவார் என்று தோன்றியது. அந்தத் தாளை எழுதினவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்றும் தோன்றியிருக்கும்.

"தப்பா வாசிச்சிட்டேம்மா. பக்கத்து அளவப் பாத்துட்டேன். தொண்ணூத்தி மூணுதான்" என்றேன்.

அம்மா என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்படியாளா போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

அவள் ஊசியை உருவினாள். நாலு விரல் உயரமும் சரசரவென்று பிரிந்து வந்தது. என்னை எதிரே உட்காரவைத்து, என் இரண்டு கைகளிலும் அந்த நூலைச் சுற்றினாள்.

அதற்குப் பிறகு வந்த எண்களையெல்லாம் மனத்துக்குள் குறைத்தே வாசித்தேன். கைக்கு, கழுத்துக்கு, முன்பக்கங்களுக்கு. கணக்கிலும் நான்தான் வகுப்பில் முதல். மார்கழிக் கடைசியில் சட்டை முடிந்தது. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்ததுபோல் அவ்வளவு ஒழுங்கு. பக்கத்து வீட்டு அத்தை மணிகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப் போனோம். அந்த அம்மாள் போட்டுப் பார்த்தார். கை மணிக்கட்டில் நின்றது. பொத்தான்கள் உடம்போடு பூட்டிக்கொண்டன. பாராட்டைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அழகாத்தான் பின்னியிருக்கீங்க. ஆனா இது எனக்கு ஆகாதே" என்றார் அவர். "உள்ள ரெண்டு சட்டை போட்டுட்டு மேல இதைப் போடணும். அங்க அப்படிப் பனி. அதுக்குத்தானே தொளதொளன்னு இருக்கறதாத் தேடி எடுத்தேன்?"

தாளை வாங்கி விரலை ஓட்டினார். சிவப்பு வட்டத்தில் விரல் நின்றது. "நூத்தி இருபத்தொண்ணுன்னு இருக்கே." நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை சரியாத்தாம்மா வாசிச்சா" என்றாள் அம்மா. "எனக்குத்தான் பெருசாத் தெரிஞ்சுது. நானாக் கொறச்சுட்டேன்."

"வாசிச்சுக் காட்டினதுக்கு அப்புறமுமா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். "சொன்னதைச் சொன்னபடி செய்யறவங்கதான் என் தங்கச்சிக்கு வேணும். பரவாயில்ல, விடுங்க." பேசியிருந்த கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். பெங்களூர்ப் பேச்சு அதோடு முடிந்தது.

நிலக்கரி லாரிகள் போகும் சாலையில் நடந்து வந்தோம். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா, "அங்க அவ்வளவு பனியாளா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். வீட்டில் அப்பா கேட்டதற்கு, "கை பிசகிட்டு" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. யார் தவறு என்று அம்மாவுக்கே தெரியவில்லை, குழம்பிப்போய்த் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். தை பிறந்தது. அம்மா அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு அளத்துக்குப் போனாள். நான் கல்லூரி முடிக்கும்வரை போனாள்.

இப்போது நான் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கப்பல் காகிதங்களைச் சரிபார்க்கிறேன். ஓர் எண் பிசகினால் பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். போன மாதம் வங்கி வேலை ஒன்றுக்காக, அம்மாவின் போனுக்கு ஓர் ஓடிபி வந்திருந்தது. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, பக்கத்தில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல் என்றேன். அம்மா ஆறு எண்களையும் தடுமாறாமல் சொன்னாள்.

"உனக்கு நம்பர் வாசிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாமத்தான் இத்தனை வருசமா பஸ் ஏறுதேனாக்கும்?" என்று சிரித்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பாத்தேனே. நூத்தியிருபத்தொண்ணு."

"பெறகு ஏம்மா அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல?"

மீனைப் புரட்டிப் போட்டாள். "நான் நம்பரத்தான பாத்தேன். நீ எழுத்தையும்லா பாத்த. எனக்குத் தெரியாத என்னவோ அதுல போட்டிருக்குன்னு நெனச்சேன்."

என் கைகளில் நூல் சுற்றப்பட்ட அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூற்று மூன்று என்று நான் சொன்னதும், அம்மா ஒரு கணம் தாளையே பார்த்தாள். எழுத்து தெரியாதவள் அதில் என்னத்தைப் பார்க்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.