அப்பா அழுத எபிசோடு

மேக்கப் பவுடரும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அப்பாவின் சட்டைக் காலரில் எப்போதும் இருக்கும். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், யாரிடமாவது கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறி, டிவி காமெடித் தொடரில் நடித்துவிட்டு வருவார். அதில் அவருக்கு ஒரே வேலைதான்: அழுவது. உதட்டைப் பிதுக்கி, கன்றுக்குட்டி கத்துவதுபோல் அவர் ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று வீட்டுக்கொரு பாஷை. அப்பாவுக்கு எல்லோரும் வைத்த பேர் மட்டும் ஒன்று, "அழுவாச்சி". ராயக்கோட்டைக்குத் தக்காளி வாங்கப் போனால்கூட ஒரு தடவை அழுதுகாட்டச் சொல்லி மறிப்பார்கள். அவரும் சளைக்காமல் அழுவார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அதுவரை பந்தல், மாலை என்று ஓடிக்கொண்டிருந்த அப்பா, அம்மாவை வாசலில் கிடத்தியதும் உடைந்துபோனார். பாவம், அவருக்கு வேறு மாதிரி அழத் தெரியாது. அதே பிதுங்கல், அதே கத்தல். பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்துவிட, அடக்கப் பார்த்தவர்களும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார மாமா நல்ல மனுஷர். அவர்தான் அப்பாவின் தோளைப் பிடித்து, "அழுவாதீங்க சார், ஜனங்க சிரிக்கிறாங்க" என்றார். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சுடுகாட்டிலும் அழவில்லை, அதற்குப் பிறகு வீட்டிலும் அழவில்லை. அந்த ஜனங்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை.

காரியம் முடிந்த கையோடு ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போனார். கோபித்துக்கொண்டு பிறந்தவீட்டுக்குப் போன மனைவியை நினைத்துப் புருஷன் அழுகிற காட்சி. அப்பா, எழுதிக்கொடுத்த பேரை விட்டுவிட்டு, "எப்ப வருவ சரசு, எப்ப வருவ" என்று அம்மாவின் பேரைச் சொல்லி அழுதார், அழுதுகொண்டே இருந்தார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கட் சொல்ல டைரக்டருக்கு மனசே வரவில்லை. முடிந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, இதுவரை நடித்ததிலேயே இதுதான் பெஸ்ட் என்றார். திரும்பும் பஸ்ஸில், "பசிக்குதா பாப்பா?" என்று அப்பா கேட்டார்.

தலை நரைக்கும்வரை ஏதேதோ தொடர்களில் அழுதுவிட்டு, அப்பாவும் போன வருஷம் போய்விட்டார். லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறது. அந்தக் காட்சி மட்டும் யார் புண்ணியத்திலோ செல்போனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. லீவு கிடைக்காத நாளில் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் யாராவது அதைப் போட, கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசை கட்டும். அவர் யாரென்றோ சரசு யாரென்றோ அங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் சொன்னதுமில்லை. தனியாகப் போய், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பேன். என் அம்மாவுக்காக அப்பா வாய்விட்டு அழுது முடித்தது அதில் மட்டும்தான்.