வெயிலுக்கு ஒரு பாட்டில், மழைக்கு ஒரு பாட்டில்

காலையில் எழுந்ததும் உண்ணாமலை முதலில் பார்ப்பது வானத்தை. பார்த்துவிட்டு உள்ளே வந்து, அலமாரியில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒன்றை எடுப்பாள். ஒன்று ஒரு லிட்டர் பிடிக்கும், மற்றது முக்கால் லிட்டர். வெயில் கொளுத்தும் போலிருந்தால் பெரியது. மப்பும் மந்தாரமுமாக இருந்தால் சின்னது. அதில் நிரப்பி வைக்கும் தண்ணீர்தான் அவள் புருஷன் சாமிதுரைக்கு அன்றைக்கு முழுவதும். மாத்திரை விழுங்குவதும் அதில்தான். காலையில் அவர் ஒரு டம்ளர் காபி குடித்தால் ஒரு டம்ளர் தண்ணீரை அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்து வாசல் செடிக்கு ஊற்றிவிடுவாள். ரசத்துக்கும் அப்படித்தான்.

சாமிதுரைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷம் ஆகிறது. திங்களும் வியாழனும் பெரம்பலூர் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நீர் பிரிவது அடியோடு நின்றுவிட்டது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர இரண்டே வழி. ஒன்று மிஷின், மற்றது வேர்வை. இரண்டும் இல்லாவிட்டால் அது நுரையீரலில் போய்த் தேங்கி மூச்சை அடைக்கும். முதல் வாரமே அங்கிருந்த நர்ஸ் அவளை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அக்கா, மிஷின் வாரத்துல எட்டு மணி நேரம்தான். மீதி நேரத்துக்கெல்லாம் நீங்கதான்."

சொன்னவளுக்குத் தெரியாது, அளப்பதுதான் உண்ணாமலையின் தொழில் என்று. அரும்பாவூர் பக்கத்தில் வெங்காயம் ஆய்கிற வீட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கட்டிக்கொண்டு வந்தது டிராக்டர் டிரைவரை. சாமிதுரை எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போவார். அந்த நாளில் வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்துக் காட்டுகிற ஆள். அவள் ஒரு ஸ்கூலில் சத்துணவுச் சமையல் வேலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் அரிசியும் பருப்பும் பிள்ளைக்கு இத்தனை கிராம் என்று போட்டவள். ஒரு நாளும் பற்றாமல் போனதில்லை, மிஞ்சிக் கொட்டியதுமில்லை. ஒரே மகள் சிந்துவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். துறைமங்கலத்தைத் தாண்டிப் புதிதாகப் பிரித்த மனையில் ரெண்டு அறை எழுப்பி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டார்கள். மழைக்கு அது சத்தம் போடும், வெயிலுக்கு அடுப்பு மாதிரி காயும்.

அந்தப் பங்குனி வாரத்தில் வானம் ஒரு நிலையில் இல்லை. திங்கட்கிழமை விடிகாலை மார்கழி மாதிரி பனி. செவ்வாய்க்கிழமை தார் ரோடு உருகுகிற வெயில். புதன்கிழமை சூரியனே தலைகாட்டவில்லை. பக்கத்து மனையில் சோளம் காயப்போட்டவர்கள் நாளுக்கு நாலு தடவை தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார்கள். உண்ணாமலையும் அந்த வாரம் பாட்டிலைத் தினமும் மாற்றினாள்.

செவ்வாய்க்கிழமை வெயிலில் சாமிதுரையின் தங்கை வேணி ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒரு பை முந்திரிப் பழம், ஒரு தர்ப்பூசணி. வந்தவள் அண்ணனின் வெடித்த உதட்டைப் பார்த்தாள், பக்கத்தில் கால்வாசி இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது? தண்ணிக்குமா ரேஷன்?"

"டாக்டர் சொன்ன அளவு."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. இந்த வெயில்ல நாங்க மாட்டுக்கே நாலு தடவ தண்ணி காட்டுறோம்."

"மாட்டுக்குக் கிட்னி இருக்கு, வேணி."

சாமிதுரை சிரித்துவிட்டார். சிரிக்கும்போது உதட்டில் ரத்தம் கசிந்தது. வேணி சிரிக்கவில்லை. தர்ப்பூசணியை வெட்டி, அதையும் அண்ணனுக்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்ததும், தனக்கும் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். சாயங்காலம் பஸ் ஏறப் போகும்போது தெருமுனையில் இருந்த கடைக்காரியிடம், "எங்கண்ணன் தண்ணி தண்ணின்னு சாவப் போறான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைக்காரி அதை மறுநாளே உண்ணாமலையிடம் சேர்த்துவிட்டாள். உண்ணாமலை பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை தூறலில் நனைந்தபடி டயாலிசிஸுக்குப் போனார்கள். அடுத்த கட்டிலில் எப்போதும்போல லப்பைக்குடிக்காடு ரஹ்மத்துல்லா பாய். குவைத்தில் பதினெட்டு வருஷம் கடையில் நின்று வந்தவர். இருவருக்கும் ஒரே கிழமை, ஒரே நேரம்.

"துரை, நேத்து கனவுல நன்னாரி சர்பத் குடிச்சேன். பெரிய கிளாஸ். முழிச்சுப் பாத்தா தலகாணி நனைஞ்சு கெடக்கு."

"எனக்கு சர்பத் எல்லாம் வேணாம் பாய். வயக்காட்டு மோட்டார போட்டதும் மொதத் தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு வரும் பாருங்க, அதுல வாய வெக்கணும்."

"வெச்சுட்டு?"

"வெச்சுட்டு மோட்டார நிறுத்தவே கூடாது."

"தங்கச்சி, கேட்டியா? உன் ஊட்டுக்காரரு கரண்ட் பில்லுலயே உன்ன கவுத்துடுவாரு."

வழக்கம்போல எடை பார்த்தார்கள். திங்களிலிருந்து ஒன்றே முக்கால் கிலோதான் ஏறியிருந்தது, அத்தனையும் தண்ணீர். நர்ஸ் மெச்சிக்கொண்டாள். ஆனால் டாக்டர் அன்று எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உண்ணாமலையைத் தனியே கூப்பிட்டார்.

"ஹார்ட் முன்னைக்கு இப்ப ரொம்ப வீக்கா இருக்கும்மா. இன்னியிலேருந்து திங்கக்கிழமை வரைக்கும் நாலு நாளு. அந்த நாலு நாளத் தாண்டுறதுதான் விஷயம். அளவு கொஞ்சமும் கூடக் கூடாது."

"கூடாது சார்" என்றாள் அவள். அது வாக்குக் கொடுத்த மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை குளிர்ந்த காற்று, சின்னப் பாட்டில். சனிக்கிழமை வெயில், பெரிய பாட்டில்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வெயில் முகத்தில் அறைந்தது. பத்து மணிக்குத் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து கரண்ட் போயிற்று. ஷீட்டுக்குக் கீழே இருக்க முடியவில்லை. வெளியே நிழலும் இல்லை, புது மனையில் மரம் எங்கே இருக்கிறது? சாமிதுரை பனியனைக் கழற்றிப் போட்டுத் தரையில் படுத்தார். உடம்பிலிருந்து வேர்வை ஓடித் தரையில் ஆள் வடிவத்துக்கு ஈரம். உண்ணாமலை நாலு தடவை துண்டைப் பிழிந்து துடைத்தாள். பதினொன்றரைக்குப் பெரிய பாட்டில் காலி.

அவர் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவர் வாய்விட்டுத் தண்ணீர் கேட்டதில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வராமல், காலிப் பாட்டிலின் மூடியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஒரு சொட்டை நாக்கில் தட்டிக்கொண்டார். அவள் பார்ப்பது தெரிந்ததும் மூடியைத் திருகி வைத்துவிட்டார், ஏதோ திருடியதைப் போல.

உண்ணாமலை பின்பக்கம் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"சிந்து, உன் போன்ல பாத்துச் சொல்லு. இன்னிக்கு இங்க மழ கிழ உண்டா?"

"இல்லம்மா, வெயில்தான். நூத்தி மூணு டிகிரி போட்டிருக்கு. ராத்திரி வரைக்கும் மழையே இல்ல. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. சோளம் காயுது."

அவள் வீட்டில் சோளம் ஏது? போனை வைத்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு வேர்க்கிறது. இன்னும் ஆறு மணி நேரம் இப்படித்தான் வேர்க்கும். உள்ளே போவது அப்படியே வெளியே வந்துவிடும். நாளைக்கு மதியம் மிஷின். பானைத் தண்ணீரைப் பெரிய பாட்டிலில் மொண்டு கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

சாமிதுரை பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ன புள்ள, இன்னிக்கு எதும் விசேஷமா?"

"பேசாம குடிங்க. மனசு மாறிடப் போவுது."

"நெசமாவா?"

"குடிங்கங்கறேன்."

அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அவள் நின்று பார்த்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் குடித்தார். முடித்துவிட்டு, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். டிராக்டர் ஓட்டிய காலத்துச் சிரிப்பு. ஒரு மணிக்கு ஒரு சொம்பு நீர்மோரும் கொடுத்தாள், உப்புப் போடாமல். அதையும் குடித்துவிட்டு, "இப்பதான் மனுசனா இருக்கேன்" என்று சொல்லித் தூங்கிப் போனார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. கால் மணி நேரத்தில் காற்று எழுந்து புழுதியை வாரி அடித்தது. பிறகு மழை. ஷீட்டின் மேல் கல்லை அள்ளிப் போடுகிற மாதிரி ஆலங்கட்டி. வீடே ஒரு நொடியில் குளிர்ந்துவிட்டது. சாமிதுரை எழுந்து வாசல்படியில் உட்கார்ந்து கையை நீட்டி ஆலங்கட்டி பொறுக்கினார்.

உண்ணாமலை அவர் பின்னால் வந்து முதுகைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

உள்ளே ஓடிக் கம்பளியை எடுத்து வந்து அவர்மேல் போர்த்தினாள். கதவைச் சாத்தினாள். கேஸ் அடுப்பு இரண்டையும் முழுதாக எரியவிட்டு, அவரை அதன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஏ புள்ள, இப்பதான குளுகுளுன்னு காத்து வருது. எதுக்குப் போத்துற?"

"வேர்க்கணும்" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கம்பளியைத் தானே கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டார்.

நாலரைக்கு இருமல் ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தும் மூச்சு எட்டவில்லை. 108-க்குப் போன் செய்தால், ரோட்டில் புளியமரம் விழுந்துகிடக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். சோளக்காரரின் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். அவள் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து, அவரை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். உதட்டில் நுரை வந்தது. அதைத் துடைத்தாள், மறுபடியும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவருடைய கை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது. உள்ளே கொண்டுபோன அரைமணியில் டாக்டர் வெளியே வந்தார்.

"வீக் ஹார்ட்டும்மா. எப்ப வேணா நடந்திருக்கும்."

"தண்ணி கூடினதாலயா சார்?"

டாக்டர் சின்ன வயசு. பொய் சொல்லப் பழகவில்லை. "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் இறக்கியிருந்தார்கள். குளிப்பாட்டுவதற்குப் பங்காளிகள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். சிந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் போன் விஷயத்தை அவள் கேட்கவும் இல்லை, உண்ணாமலை சொல்லவும் இல்லை.

வேணி தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் தலைமாட்டில் விழுந்து ராகம் போட்டு அழுதாள்.

"ஒரு வாய்த் தண்ணிக்கு ஒதடு வெடிச்சியே, என் கூடப் பொறந்தவனே, ஊரெல்லாம் மழ பேய ஒனக்கு மட்டும் பேயலியே..."

சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் உண்ணாமலையைப் பார்த்தார்கள். கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேணி அழுகையை நிறுத்திவிட்டு நேரே கேட்டாள்.

"கடைசியிலயாச்சும் ஒரு டம்ளர் குடுத்தீங்களா அண்ணி? இல்ல, அதுக்கும் அளவு பாத்தீங்களா?"

உண்ணாமலை எழுந்து நின்றாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் நின்றாள்.

"நேத்து அளவு பாக்கல. ரெண்டு லிட்டருக்கு மேல குடிச்சாரு. வவுறு நெறைய. நான்தான் குடுத்தேன்."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தாள். வேணி ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வவுறு குளுந்துதான் போனானா எங்கண்ணன்? நீங்க நல்லாருக்கணும் அண்ணி. உங்களப் போயி தப்பா பேசிப்புட்டேனே. நல்லாருக்கணும் நீங்க."

கடைக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு, "புண்ணியவதி" என்றாள். பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உண்ணாமலைக்கு அந்தக் கைகளை உதற வேண்டும் போலிருந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவள் சொன்னதைச் சொன்னபடி கேட்டிருக்கலாம்.

ஒருவர் கேட்டிருந்தார். சாமியானா ஓரத்தில் ரஹ்மத்துல்லா பாய் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் தலையைக் குனிந்திருந்தார்.

தூக்குவதற்கு நேரமாகும் என்றார்கள். பாய்க்கு இரண்டு மணிக்கு மிஷின், அதைத் தள்ளிப்போட முடியாது. விடைபெறாமல்தான் எழுந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, உண்ணாமலை இருந்த இடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தங்கச்சி, நேத்து வெயில் அப்படி. நானும் தாங்க மாட்டாம ரெண்டு லிட்டர் குடிச்சுப்புட்டேன். இந்தா, நல்லாத்தான நிக்கிறேன்? தண்ணியால இல்ல அது. அவன் நேரம்."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். இந்த வியாதிக்காரர்கள் கூடுதலாகக் குடித்தால் மறுநாள் கால் காட்டிக்கொடுத்துவிடும், செருப்பு வார் சதையில் பதிந்து கிடக்கும். பாயின் பாதம் எலும்பும் நரம்புமாகக் காய்ந்திருந்தது. வாருக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் போகும். நேற்று அவர் முக்கால் லிட்டர்கூடக் குடித்திருக்கமாட்டார்.

"சரிங்க பாய்" என்றாள் உண்ணாமலை. "மிஷினுக்கு நேரமாச்சு, போங்க."