ஐந்து சுற்றுக்கு ஓம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். வலது கையும் காலும் மெல்ல மெல்ல ஓரளவு திரும்பி வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது, ஆமென்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்வது: "ஓம்."

சோறு போடவோ என்றால் ஓம். போதுமோ என்றால் ஓம். கோபம் வந்தாலும் ஓம்தான், கொஞ்சம் உரத்து. நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் மெத்தை வியாபாரி வந்து கேள்வி கேட்டதில், வீட்டில் மூன்று மெத்தைகள் இறங்கியிருந்தன.

அப்படியிருக்கத்தான் எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகச் செயலாளர் வந்தார். பாரிசவாதக்காரர் பிடித்து நடந்து பழக ஆஸ்பத்திரிக்கு இரட்டைக் கம்பி வாங்க வேண்டுமாம். அதற்காக மைதானத்தைச் சுற்றி ஒரு நடை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஊரார் காசு கொடுப்பார்கள்.

"ஆரும் வரலாம் அக்கா. ஓடுறவை ஓடட்டும், பொல்லு ஊன்றுறவை ஊன்றட்டும், ஏலுமான மாதிரி." பிறகு இவரிடம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் மேடையில இருப்பியளோ?"

"ஓம்."

"இல்லாட்டி நடக்கப் போறியளோ?"

"ஓம்."

"அஞ்சு சுற்றோ?"

"ஓம்."

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, அவர் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுறவர்" என்று வாசற்படலை வரை ஓடினேன். செயலாளரின் சைக்கிள் போய்விட்டது. முற்றத்தில் பத்து அடி நடந்தாலே உட்கார வேண்டிய மனிதர் இவர்.

சனிக்கிழமை காலை பொல்லோடு இவர் நடக்க, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். களைத்தால் அதில் இருப்பார், பிறகு எழும்புவார். முதற்சுற்று முடிவதற்குள் எங்கள் ஊரில் மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று இவர் முதுகில் குத்தியிருந்த இலக்கக் கடதாசியைத் தின்றுவிட்டது. மதியத்துக்குள் மற்றவர்கள் முடித்துப் பரிசும் வாங்கிவிட்டார்கள். பாண்ட் வாத்தியக்காரரும் போய்விட்டார்கள். இவர் மூன்றாம் சுற்றில்.

நாலு மணிக்கு அங்கே உதைபந்தாட்டம் இருந்தது. நடுவர் மரியாதையாக வந்து கேட்டார்: "ஐயா, கொஞ்சம் வெளியில நிற்பியளோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு இவர் நடந்துகொண்டேயிருந்தார்.

வேறு வழியில்லாமல் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மூலை உதை கிடைத்த அணி, இவரும் நானும் கதிரையும் அந்த மூலையைக் கடக்கும்வரை காத்து நின்றது. சனம் பந்தை விட்டுவிட்டு இவருக்குக் கைதட்டத் தொடங்கியது. கிண்ணியாவிலிருந்து ஆட்டம் பார்க்க வந்த புடவைக்கடை முஸ்லிம் நானா ஒருவர், கோட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு எங்களுடனேயே நடந்தார்.

நாலாம் சுற்றில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்துக் கூட்டாளி ஒருவர் வாடகைக் கார் கொண்டுவந்து நிறுத்தினார். "மச்சான், இவ்வளவும் நடந்தது காணும். ஏறு."

இவர் நின்றார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏலாது!"

எட்டு மாதத்தில் வந்த இரண்டாவது சொல். நான் கதிரையைப் போட்டுவிட்டு அதில் நானே இருந்து அழுதேன். கோல் காப்பாளர் திரும்பி எங்களைப் பார்த்தார். பந்து அவரைத் தாண்டி வலைக்குள் போனது. கோலா இல்லையா என்று பெரிய சண்டை. நடுவரைக் கேட்டார்கள். அவரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்தார்கள். பொழுது படும் நேரம், இரண்டு அணியும் பின்னால் வர, இவர் ஐந்தாம் சுற்றை முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் "கால் நோகுதோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். அந்த முறை அது உண்மையான ஓம்.

இரட்டைக் கம்பி சில மாதங்களில் வந்தது. அதில் பழக வந்தவர்களில் புல்மோட்டை மீன்காரர் ஒருவர். அவருக்குக் கால்தான் இழுத்தது, வாய்க்கு ஒன்றுமில்லை, ஓயாமல் கதைப்பார். இருவரும் சிநேகமானார்கள். பயிற்சி முடிந்ததும் அவர் ஆஸ்பத்திரி மரவாங்கில் இருந்தபடி கதை சொல்ல, என் கணவர் தெருவைக் கடந்து போய்த் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு வருவார். எப்படிச் சொன்னாரோ தெரியாது, சில நாள் மூன்று வரும். மூன்றாவதை நான் குடிப்பேன்.